படிக்கட்டுக்குக் கீழே ஒரு கட்டில்

எங்கள் விழுப்புரம் கன்சல்டன்சி ஆபீஸில், கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே முழுசாக எழுப்பிப் பார்க்கும் சாஃப்ட்வேர் வந்த வருஷம், முதலாளி ஒரு உத்தரவு போட்டார். அவரவர் தலைக்குள் பூட்டி வைத்திருப்பதை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். ஆளுக்கொரு பிளானைப் பொது ஃபோல்டரில் போட வேண்டும், அதை மாடலாக்கி எல்லோரும் கற்றுக்கொள்ளலாம் என்றார். ஒருத்தரும் அசையவில்லை. சீனியர் என்ற கெத்தில் நான் முந்திக்கொண்டு, திண்டிவனத்தில் கட்டப்போகும் என் வீட்டு பிளானையே போட்டேன்.

அதில் எங்களுக்கு ஒரு ரூம், பிள்ளைகளுக்கு ஒன்று, வருகிற விருந்தாளிக்குக்கூட ஒன்று இருந்தது. அம்மாவுக்கு இல்லை. "எனுக்கு இன்னாத்துக்குடா தனி ரூமு? படிக்கட்டுக்குக் கீழ ஒரு கட்டிலு போட்டா போதும்" என்று அவளே சொன்னாள். அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகள்தான் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. நான் ஏற்றுக்கொண்டேன். காகிதத்தில் அது ஒரு சின்னக் கட்டம், யார் கண்ணையும் உறுத்தவில்லை.

ஆயுத பூஜைக்கு வீட்டாரையும் ஆபீஸுக்கு அழைப்பது வழக்கம். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் பொரிகடலைக்கு அம்மா வராமல் இருந்ததில்லை. கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும், மாடலைச் செய்த ஜூனியர் பெண் பெரிய திரையில் என் வீட்டைக் காட்டினாள். வாசல் தாண்டி ஹாலுக்குள் போனதும், "நெசமாவே உள்ள போறா மாதிரி கீதே!" என்று அம்மா கைதட்டினாள்.

அடுத்து படிக்கட்டு வந்தது. அதற்குக் கீழே கட்டில், அதன்மேல் ஒரே சிவப்பு. எங்கே எது இடித்தாலும் அந்த சாஃப்ட்வேர் சிவப்பாக்கிக் காட்டிவிடும்.

"சார், இங்க எழுந்து உட்கார்ந்தாலே தலை இடிக்கும். இந்தக் கட்டில் யாருக்கு சார்?"

முதலாளி, அவர் மனைவி, வந்திருந்த குழந்தைகள் வரை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவின் தலை இடிப்பதைவிட, கட்டில் அவளுக்குத்தான் என்று இவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்பதே எனக்குப் பெரிசாக இருந்தது.

"அது ஸ்டோர் ரூம்மா. தப்பா கட்டில் போட்டிருக்கு, எடுத்துடு" என்றேன். அந்தப் பெண் ஒரே கிளிக்கில் எடுத்துவிட்டாள். அம்மா மடியிலிருந்த பொரியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும்போது திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். விக்கிரவாண்டி தாண்டியது. அவள் என் கையைப் பிடித்து, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

"ஏன்டா, அந்தக் கட்டில எட்த்துட்டாங்களே, அப்போ நான் எங்கடா படுக்கறது?"