வீட்டுக்குள் ஊதிய சங்கு

பெங்களூரில் எங்கள் ஆபீஸ் மேனேஜருக்கு ஒரு பேச்சு உண்டு. கஷ்டம் இருந்தால்தான் மனுஷன் புதுசாக எதையாவது கண்டுபிடிப்பான் என்பார். அப்பாவுக்காக நான் ஒரு பெட்டி செய்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லார் முன்னாலும் அதையே சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஷ்டம் அப்பாவுக்கு, கைதட்டல் எனக்கா?

அப்பா தங்கச் சுரங்கத்தை மூடும்வரை அதில் வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. இப்போது ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் ஒரு மிஷினோடு படுத்திருக்கிறார். கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடும். பக்கத்தில் சிலிண்டர் தயாராக இருக்கிறது. ஆனால் குழாயை மாற்றித் திருகைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். அவரால் எழுந்து உட்காரக்கூட முடியாது. தங்கம் எடுக்கவென்று ஊருக்கெல்லாம் முன்னால் கரண்ட் இழுத்துக் கொடுத்த இடம் இது. இன்று நாலு தூறல் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன!

வீட்டில் துணைக்கு அம்மா மட்டும்தான். அவளுக்குக் காது மந்தம். மிஷின் கீச்கீச்சென்று கத்துவது அடுப்படிவரைகூட எட்டாது. ஆபீசுக்கு ரயிலில் போகும்போதும் வரும்போதும் வானத்தைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. எங்கேயாவது மேகம் கறுத்திருக்கிறதா என்று தேடுவேன். அதனால்தான் அந்தப் பெட்டி. கரண்ட் போனதும் என் போனுக்கு மெசேஜ் வரும், வீட்டில் சத்தம் கிளம்பும். மணி, பாட்டு என்று எதை வைத்தும் அம்மா காதில் ஏறவில்லை. கடைசியில், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஊருக்கே கேட்கும்படி ஊதிய பழைய மைன்ஸ் சங்கு மாதிரி ஒரு சத்தத்தைப் போட்டுக் கொண்டுவந்து மாட்டினேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் ஊதிப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டால் சிலிண்டரைத் திற என்று அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ரயில் பங்காருபேட்டையைத் தாண்டியதும் மழை பிடித்தது. இறங்க இன்னும் இரண்டு ஸ்டேஷன் இருக்கும்போது மெசேஜ் வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. சிலிண்டரைத் திறந்துகொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அத்தைக்குப் போட்டேன். அவரும் எடுக்கவில்லை. இரண்டு நம்பரையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தேன். ரயில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. இறங்கித் தள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆட்டோ எங்கள் லைனில் திரும்பும்போதே சங்கு கேட்டது. கதவு அகலத் திறந்திருந்தது. அம்மா இல்லை. அப்பா சிலிண்டரை எட்டப் பார்த்து, பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவரைத் தூக்கிச் சாய்த்துக் குழாயை மாற்றினேன். நெஞ்சு மெல்ல மெல்ல ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, கூடவே அம்மாமேல் அடக்கமுடியாத கோபமும்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். செருப்பில்லாத காலெல்லாம் சேறு. பின்னாலேயே, அவளைத் தேடி ஓடியிருந்த பக்கத்து வீட்டு அத்தை. எங்கேம்மா போனே என்று கத்திவிட்டேன்.

"ஷாஃப்ட்டாண்ட போயி நின்னேன்டி. சங்கு ஊதுனா இவரு உள்ள மாட்டிக்கினாருன்னுதானே அர்த்தம்? அங்க ஒருத்தரும் இல்ல. யாராண்ட கேக்கறதுன்னே தெரியல."

மைன்ஸ் நடந்த காலத்தில், நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் பூமிக்குள் பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். லைனில் இருக்கும் பெண்கள் போட்டது போட்டபடி, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் என்கிற கூண்டு மேலே வர வர, இறங்குகிறவர்களில் தன் வீட்டு ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு அப்படி ஓடியிருக்கிறாள். எனக்கு அது எப்படித்தான் மறந்ததோ!

அப்பாவுக்குப் பேச மூச்சில்லை. கையை மட்டும் நீட்டினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சங்கை எடுத்துவிட்டு, என் குரலையே பதிவு செய்து, பெரிய ஸ்பீக்கராகப் பார்த்து மாட்டினேன். இப்போது கரண்ட் போனால் எங்கள் வீட்டில் நான் கத்துகிறேன்:

"எம்மா, ஓடாதே. அப்பா உள்ள எறங்கல. வீட்லதான் கீறாரு."