மாலைகளைத் திருப்பிக் கொடுத்த ஐந்தாம் ஆண்டு வகுப்பு

போன வருடம், மழைக்காலம் தொடங்கியிருந்த நேரம். பண்டமாரானில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நான் வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளுக்கு நான் 'வேன் ஆன்டி'. சத்தம் போடுகிற ஆன்டி என்றும் ஒரு பெயர் உண்டு, அதை மறுக்க மாட்டேன்.

என் வேனில் வருபவர்களில் பாதிப் பேர் ஐந்தாம் ஆண்டு. அவர்கள் வகுப்பறை பள்ளியின் பின்கோடியில், பெரிய லோங்காங்கை ஒட்டி இருக்கிறது. கனமழை பெய்தால் அந்தச் சாக்கடை நிரம்பித் தண்ணீர் வகுப்புக்குள் வந்துவிடும். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு வாய்ப்பாடு சொல்வார்கள். அந்தச் சமயத்தில்தான், பருவநிலை மாற்றம் பற்றி ஒவ்வொரு வகுப்பும் ஒரு திட்டம் செய்து போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. மற்ற வகுப்புகள் அட்டையில் காற்றாலை செய்தன. இவர்களுடைய டீச்சர் மட்டும், "நம்ம கிளாஸ்ல ஏன் தண்ணி ஏறுதுன்னு மொதல்ல கண்டுபிடிப்போம்" என்றார்.

நீளக் கம்பில் கொக்கி கட்டி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி சாக்கடையைத் துழாவினார்கள். நானும் கூட நின்றேன். கடைகளில் சாப்பாடு கட்டித் தருகிற சோற்றுப் பெட்டிகளும் போத்தல்களும் வந்தன. அதற்கெல்லாம் அடியில் கத்தை கத்தையாக மாலைகள். நைலான் நூலில் கட்டிய செவ்வந்தியும் ரோஜாவும் ஜிகினாவும் மதகுக் கம்பியில் சிக்கி அணை கட்டியிருந்தன. மற்ற குப்பையெல்லாம் அதன்மேல் வந்து குந்தியிருந்தது.

எங்கிருந்து வந்தவை என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் மேலே, அதே லோங்காங் கரையில் அம்மன் கோயில். சாமிக்குப் போட்ட மாலையைக் கால்படும் இடத்தில் போடக்கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, ஓடும் தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது நம் வழக்கம். ஆறு உள்ள ஊரில் அது சரி. எங்களுக்கு ஓடும் தண்ணீர் என்றால் லோங்காங்தான். எங்கள் வீட்டுப் பூசைப் பூவும் அங்கேதான் போனது.

பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வகுப்புக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். சனிக்கிழமை காலையில் கோயில் பின்வாசலில் மாலைகளை வாங்கி என் வேனில் ஏற்றுவார்கள். நூலைப் பிரித்தெடுத்துவிட்டு, பூவையும் காய்ந்த இலையையும் குழியில் போட்டு மண்ணால் மூடுவார்கள். அந்த உரத்தில் வெண்டையும் கங்கோங் கீரையும் போடுவதாகத் திட்டம். குருக்கள் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். என் வேனுக்கு அவ்வளவு வாசம் அதற்கு முன் இருந்ததே இல்லை.

கோயில் தலைவர் காதுக்கு விஷயம் போனது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பந்தலும் சாப்பாடும் கொடுப்பவர் அவர். நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். "அம்மனுக்குப் போட்ட மாலைய கண்ட எடத்துல புழுவுக்குப் போடறீங்களா?" என்று அவர் போட்ட சத்தம் திடல் வரை கேட்டது. திங்கட்கிழமைக்குள் குழியை மூடச் சொல்லி உத்தரவாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டும் காற்றாலை செய்ய வேண்டுமாம்.

அன்று வேனில் ஒரு சத்தமும் இல்லை. கத்தாதீர்கள் என்று தினமும் கத்துகிற எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. எப்போதும் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் கேட்டாள், "ஏன் ஆன்டி, லோங்காங்ல புழு இல்லையா?"

எனக்குத் தலைவர்மேல் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கோயில் மாலைகள் பழையபடி சாக்கடைக்கு வந்து சேர்ந்தன. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அவற்றைக் கொக்கி போட்டு இழுத்தார்கள். பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா என்று பெற்றோர்களிடம் நான் போன் போட்டுக் கேட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை. டீச்சர், "நான் ஒன்னும் பாக்கல லா" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் வாழையிலையும் தட்டுகளும் கொண்டு வந்தார்.

மாலைப் பூசை நேரம். கல்யாணத்துக்குச் சீர்வரிசை கொண்டு போவதுபோல் பிள்ளைகள் சீருடையில் வரிசையாகத் தட்டு ஏந்திக் கோயில் வாசலில் நின்றார்கள். தட்டில் கறுத்து அழுகிய மாலைகள். நாற்றம் கர்ப்பக்கிரகம் வரை போயிருக்கும். கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன இது அசிங்கம்!"

"அம்மன் மாலை ஐயா" என்றாள் முன் சீட்டுக்காரி. "கண்ட எடத்துல போடக்கூடாதுன்னு சொன்னீங்க. எங்க கிளாஸ் பின்னால கெடந்துச்சி. அதான் திருப்பிக் கொண்டாந்தோம்." தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் பிள்ளைங்களக் கெடுக்கற!"

"ஆமா தலைவரே, வேன் ஓட்டுனது நான்தான். மாலைய விட்டது யாரு?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்தது. "மொதல்ல இத எடுத்துட்டுப் போங்க!"

"எங்க போடறது ஐயா?" அவள் விடவில்லை. "குப்பைத் தொட்டியிலயா, லோங்காங்லயா, எங்க குழியிலயா?"

குருக்கள் கையில் மணி அப்படியே நின்றது. எல்லாரும் தலைவர் வாயைப் பார்த்தார்கள். குப்பைத் தொட்டி என்று அந்த வாசலில் நின்று அவரால் சொல்ல முடியுமா? எல்லார் மூக்கிலும் நாற்றம் ஏறிக்கொண்டிருக்கும்போது லோங்காங் என்றுதான் சொல்ல முடியுமா?

"எங்கயாவது கொண்டுபோய்த் தொலைங்க!"

வகுப்பில் பெரியவர்களை வழியனுப்புவதுபோல் பிள்ளைகள் அத்தனை பேரும் ராகம் போட்டு ஒரே குரலில், "நன்றி ஐயா!" என்றார்கள். நான் வேனுக்குள் போய் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு பார்த்தால் அது வெறும் சிரிப்பாகவும் இல்லை.

எங்கேயாவது என்றால் குழியும்தானே? மறுநாளே அவை குழிக்குள் போயின. திங்கட்கிழமை தலைமையாசிரியரும், "தலைவரே சொல்லிட்டாராமே" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டுவிட்டார். போட்டியில் பரிசு விளக்கு மின்னுகிற ஒரு காற்றாலைக்குப் போனது. எங்கள் பிள்ளைகளுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் மட்டும். அதைத் தண்ணீர் ஏறாத உயரமாகப் பார்த்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வெண்டைக்காயை எனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள்.

ஞாயிறு தேவார வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் வேலை அதுவரை என்னிடம் இருந்தது, அதைக் கோயில் வேறு வேனுக்குக் கொடுத்துவிட்டது. போகட்டும். அதே கோயிலுக்குத்தான் இன்றும் போகிறேன், அதே அம்மனைத்தான் கும்பிடுகிறேன். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குருக்கள் மட்டும் சனிக்கிழமை காலையில் மாலைகளைக் கட்டிப் பின்வாசலில் வைத்துவிடுகிறார்.

அடுத்த மழையில் தண்ணீர் வகுப்பு வாசற்படியோடு நின்றது. அதற்கடுத்த மழையில் மறுபடியும் உள்ளே வந்தது. இந்தத் தடவை மதகை அடைத்தது மாலைகள் இல்லை, எல்லாம் சோற்றுப் பெட்டிகள். "அப்ப இனி சாப்பாட்டுக் கடைங்களுக்குப் போவோம் ஆன்டி" என்றாள் முன் சீட்டுக்காரி, தட்டு தயாராக இருப்பதுபோல. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்தது தங்களுக்காக மட்டும் இல்லை, எங்கள் எல்லாருக்காகவும்தான் என்று அன்று அந்த வாசலில் நின்று தெரிந்துகொண்டேன், அதனால் யார் முகம் சுளித்தாலும் இவர்கள் காலைக் கீழே வைத்து உட்கார்ந்து படிக்கும் நாள் வரைக்கும் என் வேன் இவர்கள் கூப்பிட்ட இடத்துக்குப் போகும்.