வாய் திறக்காத மூன்றாவது பலூன்

மூன்றாவது பலூன் விஜயதசமி அன்று விடியற்காலையில், திருமங்கலத்துக்குத் தெற்கே விதைப்புக்காக உழுது போட்டிருந்த ஒரு கரிசல் காட்டிலிருந்து கிளம்பியது. எட்டு மணிக்குள் அது பேசியிருக்க வேண்டும். ஒன்பது ஆனது, பத்து ஆனது, பேசவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பலூன் என்றதும் சித்திரைத் திருவிழாவில் குச்சியில் கட்டி விற்பதை நினைத்துக்கொண்டு சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். எங்கள் பலூன் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறை. அதில் ஹீலியம் நிரப்பி, அடியில் பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஒரு குட்டி ரேடியோவைத் தொங்கவிடுவோம். அது விமானங்கள் போகும் உயரத்துக்கு ஏறி, அங்கே அடிக்கும் காற்றோடு நாடு நாடாகப் போகும். பேட்டரி கிடையாது. ஆறு சின்ன சோலார் தகடுகள்தான். வெயில் பட்டால் முழித்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கால்சைன் என்கிற தன் அடையாளப் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லும். பொழுது சாய்ந்தால் தூங்கிவிடும். எந்த நாட்டில், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் எந்த ஹாம் ரேடியோக்காரர் காதில் விழுந்தாலும், அவருடைய கம்ப்யூட்டர் அதை இணையத்தில் உள்ள வரைபடத்தில் ஏற்றிவிடும். உலகத்தைச் சுற்றிவிட்டு மறுபடி மதுரைக்கு மேலே வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்குக் குறைவாக ஆசைப்பட எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் என்றால் மூன்று பேர். நான் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, பொறுமை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாமவர் தெப்பக்குளத்துப் பக்கம் நூல் கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். மூன்றாமவர் அந்தக் கரிசல் காட்டின் சொந்தக்காரர். அவருடைய அப்பா அதே காட்டில் கூலிக்குக் களையெடுத்தவர். மகன் அதை விலைக்கு வாங்கி இப்போது பருத்தி போடுகிறார். ரேடியோ பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இடம் கொடுப்பார், சிலிண்டரைத் தன் லோடு ஆட்டோவில் ஏற்றி வருவார், பலூன் ஒவ்வொரு முறை போகும்போதும் “இது போனா மழை வருமாக்கா?” என்று கேட்பார்.

நூல் கடைக்காரரை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். முதல் இரண்டு வருடம் குரலாக மட்டும்தான் தெரியும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஹாம் ரேடியோக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் காலை ஆறரைக்கு ஒரே அலைவரிசையில் கூடுவோம். அவர் ஒவ்வொரு கால்சைனாகக் கூப்பிட, நாங்கள் காலை வணக்கம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது மாதிரி. என் வீட்டுக்காரருக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகக் காலை வணக்கம் சொன்னதில்லை.

ஆனால் அவரோடு சேர்ந்து ஒரு பொருள் செய்து பாருங்கள், அப்போது தெரியும். நகைக்கடைத் தராசு ஒன்று வைத்திருக்கிறார். ஒட்டுகிற டேப்பை வெட்டி நிறுப்பார். முடிச்சுப் போடுகிற நூலை நிறுப்பார், முடிச்சுப் போட்ட பிறகு மிச்சத்தை நறுக்கி அதையும் நிறுப்பார். கம்பியை ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் வேலையில் அந்த ஈயம் குண்டூசித் தலையளவு கூடிவிட்டால் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். “அக்கா, பாயிண்ட் ரெண்டு கிராம் கூடிருச்சு.” இந்த வாக்கியத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அவர்கள் மொழியில் ஏதோ சொல்வார். அவரும் ஏதோ சொல்வார். என்னைப் பற்றித்தானா என்று கேட்கவும் முடியாது.

பலூன் விட அனுமதி வாங்கிய கதை தனி. விண்ணப்பத்தில் விமானியின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று எழுதினோம். கட்டத்தைச் சரியாக நிரப்பவும் என்று திரும்பி வந்தது. அரசு வேலையில் முப்பது வருடம் குப்பை கொட்டிய எனக்கே அழுகை வந்துவிட்டது.

முதல் பலூன் பக்கத்துக் காட்டு மின்கம்பியில் போய் உட்கார்ந்தது. லைன்மேனிடம் திட்டு வாங்கியவர் பருத்திக்காரர். இரண்டாவது நான்கு மணி நேரம் அழகாகப் பேசிக்கொண்டே போய், மலை தாண்டி, கடலுக்கு மேலே வெடித்தது. அவசரத்தில் வாயுவைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றியது நான். அது அவருக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவதைத் தொடங்கும்போது மட்டும், “அக்கா, இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா சால்டரிங் அயனைப் பரண்ல போட்டுருவேன். வீட்லயும் ரொம்பக் கேலி பேசுறாங்க” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அவர். எனக்குத் திக்கென்றது. பலூன் போனால் போகட்டும், அவர் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

ஆயுத பூஜை அன்று காலை என் வீட்டு மொட்டை மாடியில் சோதனை போட்டோம். வெயிலில் வைத்ததும் ரேடியோ பளிச்சென்று பேசியது. அவர் முகத்தில் எப்போதும் வராத சிரிப்பு வந்தது. தெர்மாகோல் பெட்டிக்குள் அதைக் குழந்தையைப் படுக்கவைப்பது போல வைத்து, “இங்கேயே இருக்கட்டும்க்கா, காலைல நீங்களே கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் எனக்குப் பூஜை வேலை, சுண்டல் வேலை, அக்கம்பக்கத்துக்குப் பொரி கொடுக்கும் வேலை. மறுநாள் மதியம் நாத்தனார் குடும்பம் சாப்பாட்டுக்கு வருகிறது. இந்த அவசரத்தோடுதான் நான் விடியற்காலையில் காட்டில் போய் நின்றேன்.

காற்று அசையாத நேரத்தில்தான் விட வேண்டும், அதனால் வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்பே உறையில் வாயு ஏற்றிவிட்டோம். எப்போதும் வெயில் ஏறும்வரை பிடித்துக்கொண்டு, ரேடியோ ஒரு முறை பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் கையை விடுவோம். அது அவர் போட்ட சட்டம். அன்று கிழக்கே மேகம். பலூன் லேசாக ஆட ஆரம்பித்தது.

“காத்து கிளம்புது. விட்ருவோம் தம்பி.”

“ஒருவாட்டி கேட்டுட்டு விடுவோம்க்கா. அரை மணி நேரந்தான்.”

“நேத்து மாடில கேட்டோமே, பத்தாதா? மறுபடி கம்பில போய் உக்காரணுமா?”

நான் ரேடியோவைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றதை அவர் செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தார். நான் கையை விட்டேன். அது ஏறி, மேகத்துக்குள் போய், அதோடு சரி.

அன்று முழுவதும் வரைபடத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். நாத்தனார் முன்னால் சோற்றுக் கரண்டியை ஒரு கையிலும் செல்போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் காலை ஆறரைக்கு அவர் ஆஜர் எடுத்து முடித்ததும் திருப்பரங்குன்றத்துப் பக்கத்திலிருந்து ஒருவர், பலூன் என்ன ஆயிற்று என்று கேட்டார். நூல் கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் மைக்கை அழுத்திவிட்டேன்.

“என்ன ஆகும்? சால்டரிங்தான். வச்ச ஈயத்தை எடுத்து எடுத்து வச்சா எந்தத் தகடு தாங்கும்? நிறுத்து நிறுத்தே கெடுத்தாச்சு. ஓவர்.”

பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் குரல், எப்போதும் போலவே: “சரிங்கக்கா. குறிச்சுக்கிறேன். ஓவர்.”

அடுத்த நாள் ஆஜர் எடுக்க அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வேறொருவர் தட்டுத்தடுமாறி எடுத்தார். போன் செய்தேன். அவர் மனைவி எடுத்து, “தீபாவளி வியாபாரம்க்கா, தலைக்கு மேல வேலை” என்றார். பின்னால் அவர் குரல் அவர்கள் மொழியில் கேட்டது. எனக்கு மொழி புரியாவிட்டால் என்ன, போனை வாங்க மாட்டேன் என்பது எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. தவறு செய்தவர் அவர், முறுக்கிக்கொள்கிறவரும் அவரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே சமயம் காலையில் ரேடியோவைப் போட்டால் அவர் குரலைத்தான் தேடினேன்.

பலூன் போன ஆறாவது நாள், அலுவலகத்தில் மதியம் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் வரைபடத்தைத் திறந்தேன். எத்தியோப்பியா மலைகளுக்கு மேலே ஒரு புள்ளி. எங்கள் கால்சைன். கென்யாவில் ஒருவரும் இத்தாலியில் ஒருவரும் கேட்டிருக்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். ஆறு நாள் ஊமையாக இருந்துவிட்டு இப்போது பேசுகிறதென்றால், சால்டரிங்கில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் இத்தனை நாள் என்ன கேடு? நூல் கடைக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பருத்திக்காரருக்குப் போட்டேன்.

“பாத்தீங்களா, நல்ல நாள்ல விட்டது வீண் போகுமா? பொட்டெல்லாம் வச்சு எம்புட்டு அழகா அனுப்புனீங்க.”

“எந்தப் பொட்டு?”

“என்னக்கா கேள்வி. நீங்க வச்ச பொட்டுதேன். அண்ணே அன்னைக்கே படம் அனுப்புச்சே. நான் ஸ்டேட்டஸ்ல கூட வச்சேன்.”

அந்தப் படத்தை அனுப்பச் சொன்னேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். என் உள்ளங்கை, அதன்மேல் ஆறு தகடுகள், மூன்றாவது தகட்டின் நட்டநடுவில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

நான்தான். ஆயுத பூஜை சாயங்காலம் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்தேன். மிக்சிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, ஸ்கூட்டருக்கு ஒன்று, ரேடியோ செட்டுகளுக்கு ஒவ்வொன்று. தெர்மாகோல் பெட்டியையும் திறந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை அதுபாட்டுக்குப் போயிருக்கிறது. அந்த ஆறு தகடுகளும் கல்யாண மண்டபத்து சீரியல் செட் விளக்குகள் மாதிரி, ஒன்று அணைந்தால் மொத்தமும் அணைந்துவிடும். விரல் நுனியளவு சந்தனம் போதும். மேலே அந்தக் குளிரிலும் வெயிலிலும் அது வெடித்து உதிர ஆறு நாள் ஆகியிருக்கிறது. அரை மணி நேரம் பொறுத்து ஒரு முறை கேட்டிருந்தால், முந்தானையால் துடைத்துவிட்டு விட்டிருப்போம்.

அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது சுலபம். அவருடைய மனைவி காப்பி கொடுப்பார், முடிந்துவிடும். ஆனால் நான் பழி போட்டது பன்னிரண்டு பேர் காதில். இரண்டு நாள் முன்புகூட அதில் ஒருவர் என்னிடம், நூல் கடைக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை ஆறரைக்கு ஆஜர் முடிந்ததும் மைக்கை அழுத்தினேன். பலூன் பேசிவிட்டது, எத்தியோப்பியா தாண்டிப் போகிறது, அங்கே இன்னும் விடியாததால் இப்போது தூங்குகிறது என்றேன். சால்டரிங் அருமையான சால்டரிங் என்றேன். தகட்டில் சந்தனப் பொட்டு வைத்து அதன் வாயை அடைத்தது நான், கேட்டுவிட்டு விடுவோம் என்று அவர் சொன்னதைக் கேட்காமல் கையை விட்டதும் நான், அவர் மேல் பழி சொன்னது தப்பு என்றேன். ஓவர் என்று சொல்லி மைக்கை விட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் டக்கென்று ஒரு மைக் அழுத்தப்படும் சத்தம். அவர்தான். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“அக்கா, அந்தப் பொட்டை நான் விஜயதசமி சாயங்காலமே படத்துல பாத்துட்டேன். ஓவர்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் மறுநாள் காலை அத்தனை பேர் முன்னால் நான் அவரைத் திட்டியபோதே அவருக்குத் தெரியும்.

“பின்ன ஏன் தம்பி அன்னைக்கே சொல்லல? ஓவர்.”

“அம்புட்டுப் பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க சாமி கும்பிட்டு வச்ச பொட்டு. அதைப் போயி எப்படிக்கா சொல்லச் சொல்றீங்க? ஓவர்.”

“போன்ல சொல்லிருக்கலாம்ல?”

“போன்ல சொல்றதுக்குக் கோவம் தீரணும்ல?” ஓவர் சொல்லவில்லை. மைக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. “சரி, நாலாவதுக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சந்தனம் எம்புட்டு எடை? வேற எங்கயாச்சும் ஓரமா வச்சுக்கலாம், ஆனா கணக்குல சேர்க்கணும். நிறுத்துச் சொல்லுங்கக்கா. ஓவர்.”

ஒரு பொட்டுச் சந்தனத்தை நிறுக்கிற தராசு என்னிடம் ஏது? இந்த மதுரையில் அவரிடம்தான் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். மனுஷனுக்கு என்ன குசும்பு என்று திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். சந்தனக் கிண்ணத்தை ஒரு டப்பாவில் வைத்து மூடி, ஸ்கூட்டரைத் தெப்பக்குளத்துக்கு விட்டேன்.