சுருதி சேரவில்லை என்று சொன்னேன்

ஒரு பெண் பாடிய பாட்டுகளை நான் அழித்துவிட்டேன். அதை மறைப்பதற்காக, அவளுக்குப் பாட வரவில்லை என்று அவளிடமே சொன்னேன்.

முதலாவது கைத்தவறு. இரண்டாவதையும் கைத்தவறு என்று நம்பப் பலமுறை முயன்றுவிட்டேன்... முடியவில்லை.

என் ஊர் பென்னலூர். இருங்காட்டுக்கோட்டையில் கார் இருக்கைகள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். ஞாயிறு காலையில் எங்கள் ஊர் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பேன். வீட்டு மாடியில் ஓர் அறை உண்டு. அதில் ஒரு பழைய கணினி, ஒரு மைக், எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் சாய்த்துவைத்த இரண்டு மெத்தைகள். அதைத்தான் என் ஸ்டுடியோ என்று கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மாரிச்செல்வி அதே கம்பெனியில் இருக்கை உறை தைக்கும் பிரிவில் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஓர் ஆயுதபூஜையன்று, தையல் இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து முடித்ததும், தோழிகள் பிடித்துத் தள்ள, எழுந்து நின்று பாடினாள். விழாவுக்காகக் கொண்டுபோயிருந்த கீபோர்டில் நான் அவள் குரலைத் துரத்திக்கொண்டு ஓடினேன்.

அந்தக் குரலை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? குழைவான குரல் அல்ல. கொஞ்சம் கரகரப்பு உண்டு. பாடும்போதே எதிரில் இருக்கும் யாருக்கோ பதில் சொல்வதுபோல இருக்கும். சொல்லிப் பார்க்கிறேன்... அது வரவில்லை. கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குத்தான் இப்போது ஒன்றும் இல்லை.

அதன்பிறகு ஏறக்குறைய ஓர் ஆண்டு, ஞாயிறு பிற்பகல்களில் அவள் ஒரு தோழியை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மெட்டு என்னுடையது, சொற்கள் அவளுடையவை. என் மனைவி ஸ்டெல்லா டீ போட்டுக் கொண்டுவந்து, படியிலேயே உட்கார்ந்து கேட்பாள். பாட்டின் நடுவே சாலையில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், செல்வி மைக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவோம். அப்படி ஏழு பாட்டுகள் சேர்ந்தன.

அவற்றைத் தன் போனில் ஏற்றித் தரும்படி இரண்டு மூன்று முறை கேட்டாள். "முழுசா முடிச்சிட்டுத் தரேம்மா, அரகொறையா இன்னாத்துக்கு?" என்று தட்டிக்கழித்தேன். கொடுத்திருந்தால்...

அவளுடைய பயிற்சி ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தது. முடிந்தால் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் சென்னையில் மேடைக் கச்சேரிகள் நடத்தும் ஓர் இசைக்குழு பாடகி தேடுவதாக எனக்குச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பாட்டை அனுப்பினால் கேட்டுப் பார்ப்பார்களாம். செல்வியிடம் சொன்னேன். மறுநாள் என்னைத் தேடி வந்தாள்.

"அப்பாட்ட பேசிட்டேம்ணே. அங்கன வேலை உறுதியாச்சுன்னா மெட்ராஸ்லயே இருந்துக்கோன்னுட்டாவ. நீங்களே பாத்து நல்லதா ஒண்ண அனுப்புங்க."

இருந்ததை அப்படியே அனுப்பியிருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரைச்சலை நீக்கிக் குரலைத் துலக்கிக் காட்டும் புதிய மென்பொருள் ஒன்று வந்திருந்தது. அதில் மெருகேற்றி அனுப்பினால், இதைச் செய்தவன் யார் என்றும் அவர்கள் கேட்பார்கள் அல்லவா? ஆம்... அந்த ஆசை எனக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். என் இயங்குதளம் பழையது, அதைப் புதுப்பித்தால்தான் இந்த மென்பொருளை நிறுவ முடியும் என்றது கணினி. சரி, புதுப்பிப்போம் என்றேன். முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளும்படி ஓர் எச்சரிக்கை வந்தது. பென் டிரைவைச் செருகினேன். என் மெட்டுகளையும் வாத்தியப் பகுதிகளையும் ஒன்றுவிடாமல் அதில் ஏற்றினேன். செல்வியின் குரல் பதிவுகளுக்கு அதில் இடம் போதவில்லை. பெரிய ஹார்ட் டிஸ்க் பரண்மேல் இருந்தது. நாற்காலி போட்டு ஏறவேண்டும்.

ஏறவில்லை.

அவை கணினியில் இந்தப் புதுப்பிப்பு தொடாத இன்னொரு பகுதியில் பத்திரமாக இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டேன். திறந்து பார்க்கத் தோன்றவில்லை. என்னுடையதை மட்டும் முதலில் காப்பாற்றிக்கொண்ட மனிதன் நான்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் நகரவில்லை. பொறுமையிழந்து பட்டனை அழுத்தி அணைத்தேன். மறுபடி போட்டால் கணினி எழவில்லை. எதையெதையோ அழுத்தினேன். கடைசியில் அது ஒரு கேள்வி கேட்டது: உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா? வைத்துக்கொள் என்றேன், பாதியில் தோற்று நின்றது. மீண்டும் அதே கேள்வி. நீக்கு என்றேன்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது. புதிய இயங்குதளம் வந்தது, புதிய மென்பொருளும் மறுபேச்சில்லாமல் ஏறியது. பாட்டுகள் மட்டும் இல்லை.

நான் எண்ணிய இடத்தில் அவை இருக்கவேயில்லை. அழிந்த பகுதியில்தான் இருந்திருக்கின்றன. புதன்கிழமை விடுப்புப் போட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வெகுநேரம் பார்த்தார். கோப்புகளின் பெயர்கள் திரும்பி வந்தன. 'செல்வி ஒன்று', 'செல்வி இரண்டு'... திறந்தால் இரைச்சல்.

"மேலயே புது ஓ.எஸ். ஏறிகீதுபா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

வியாழக்கிழமை கேன்டீனில் அவள் என் மேசைக்கு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக அந்த எண்ணம்தான். ஆனால் என் லைன் ஆட்கள் சுற்றி இருந்தார்கள். கம்ப்யூட்டரில் எந்தச் சந்தேகம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

"அண்ணே, அனுப்பிட்டியளா?"

"இல்லம்மா."

"ஏம்ணே?"

"திரும்பத் திரும்பக் கேட்டுப் பாத்தேன். சுருதி நிக்கல. இத்த அனுப்புனா ரெண்டு பேருக்குமே அசிங்கம். அதான் அழிச்சிட்டேன்."

யார் பேசினார்கள்? என் வாய்தான்.

அவள் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏழுமாண்ணே?" என்றாள்.

"ஏழும்தாம்மா."

"சரிண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். தட்டில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டுக் கை கழுவுவதைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைவரை நேரம் இருந்தது. அந்த வியாழன் மாலையே அவளை அழைத்து ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்திருக்கலாம். வாத்தியமெல்லாம் என் பென் டிரைவில் தயாராக இருந்தது. ஏன் செய்யவில்லை என்று கேட்கிறீர்களா? சுருதி சேராது என்று சொன்ன பெண்ணை எந்த முகத்தோடு பாடக் கூப்பிடுவேன்? ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்கு ஏற்றாற்போல நடக்கத் தொடங்கியிருந்தேன்.

வீட்டில் ஸ்டெல்லாவிடமும் அதையே சொன்னேன்.

"இன்னாத்துக்கு அந்தப் பொண்ணாண்ட அப்டி சொன்ன? எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சி" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும் பாட்டப் பத்தி?"

அதற்குப் பிறகு நான் வாசிக்கும்போது அவள் படியில் வந்து உட்காருவதில்லை.

சனிக்கிழமை செல்வி ஊருக்குப் போய்விட்டாள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, போன மாதம், எனக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் அவளுக்குப் போன் செய்தேன். எண் மாறியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டாள். திருமணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். ஊரிலேயே ஒரு ஜவுளிக்கடையில் வேலையாம்.

"செல்வி, ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பாட்டு..." என்று தொடங்கினேன்.

"அய்ய, அத விடுங்கண்ணே" என்று இடைமறித்தாள். "உங்கள அடிக்கடி நெனப்பேன். எல்லாரும் நல்லா பாடுத நல்லா பாடுதன்னே ஏத்திவிட்டாவ. நீங்க ஒருத்தர்தான் மூஞ்சிக்கு நேரா உள்ளத சொன்னிய. இல்லன்னா அந்தக் கிறுக்குல மெட்ராஸ்ல கெடந்து சீரழிஞ்சிருப்பேன்."

தாள் என் கையில் இருந்தது. முதல் வரியைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. வேறு எதையாவது பேசவேண்டும் என்று, குழந்தை தூங்குவதற்கு என்ன பாட்டுப் பாடுவாய் என்று கேட்டேன்.

"நான் எங்க பாட? போன்ல எதையாவது போட்டு விட்டுருவேன். நல்ல கொரலா கேட்டு வளரட்டும்."

கடை திறக்க நேரமாகிவிட்டது என்றாள். வைப்பதற்கு முன், "இப்பவும் பாட்டு போடுதியளாண்ணே? போட்டா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, கேக்கேன்" என்றாள்.

அனுப்புகிறேன் என்று சொன்னேன்.