எங்கள் வீட்டு மெட்ராஸ்காரி

டென்மார்க்கில், இக்காஸ்டில் பிறந்த என் மகள் பதின்மூன்று வயதுவரை எங்களுக்கு டேனிஷில்தான் பதில் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்கு விளங்கும். வாய் மட்டும் திறக்காது. பிள்ளைக்குத் தமிழ் வரட்டும் என்று கணவர் பல்கனியில் டிஷ் பூட்டி, இந்தியத் தமிழ் சானல்களை எடுத்துக் கொடுத்தார்.

தமிழ் வந்தது. நாங்கள் எதிர்பார்த்த தமிழ் அல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீரியல்களுக்கு முன்னால் குந்திவிடுவாள். ஒரு நாள் பீங்கான் கோப்பையை உடைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "என்னை மன்னிச்சிடுங்கம்மா, இனிமே இந்த வீட்டுல எனக்கு இடமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். கணவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவள் ஆரின்ர பிள்ளை?"

"நீங்கள்தானே டிஷ் பூட்டினது" என்றேன்.

பிறகு ஊரில், இலங்கையின் வன்னியில் சண்டை இறுகியது. சீரியல் நின்று, நாள் முழுக்கச் செய்தி ஓடியது. என் தம்பி குடும்பத்தோடு அதற்குள் அகப்பட்டிருந்தான். சண்டை முடிந்துவிட்டது என்று டேனிஷ் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் எடுப்பேன்.

அந்த அழைப்பு வந்தபோது நான் தொழிற்சாலையில் நின்றேன். வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைக்க முன்பே மகள் சொன்னாள்:

"யாரோ ஒருத்தர் போன் பண்ணாரும்மா. டென்மார்க்கோன்னு கேட்டாரு. ஆமாங்க, அம்மா ஆபீஸ் போயிருக்காங்க, நீங்க யாருங்கன்னு கேட்டேன். பிழையான நம்பர் போல, குறை நினைக்காதேங்கோன்னு சொல்லி வெச்சிட்டாரு."

சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். 'குறை நினைக்காதேங்கோ' என்பது என் தம்பியின் வாய்ச்சொல். அவன் உயிரோடு இருக்கிறான். என் மகள் தன் சீரியல் தமிழால் அவனை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

திருப்பி எடுக்கப் போனில் இலக்கமும் விழவில்லை. கணவர் வந்து கேட்டுவிட்டு மகளை மேசைக்கு முன்னால் இருத்தினார்.

"'ஆமாங்க' இல்லை, 'ஓம்'. சொல்லு."

"ஓம்."

"'ஓம் மாமா, அம்மா நிக்கிறா, பொறுங்கோ, குடுக்கிறன்.'"

"ஓம் மாமா, அம்மா நிக்கிறா, பொறுங்கோ, குடுக்கிறேன்."

"கிறேன் இல்லை, கிறன்."

அவள் பல் தீட்டும்போதும் பேருந்துக்கு ஓடும்போதும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஞாயிறு மத்தியானம் மறுபடியும் அடித்தது. எங்களை முந்திக்கொண்டு அவள்தான் பாய்ந்து எடுத்தாள். பதற்றத்தில் பழகியதெல்லாம் பறந்துபோக, யார் பேசுவது என்று டேனிஷில்தான் வாயில் வந்தது: "ஹை, வெம் ஏ டே?"

கணவர் தலையில் கை வைத்தார். அந்தப் பக்கம் தம்பியின் குரல் எனக்கே கேட்டது. "ஆ, இப்ப சரி. இதுதான் டென்மார்க். அம்மாட்டைக் குடு பிள்ளை."

முகாமில் இருந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய போன். மச்சாளும் பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள் என்றான். தன் மாமியார் வரவில்லை என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. பிறகு அவனே கதையை மாற்றினான்.

"அண்டைக்கும் எடுத்தனான் அக்கா. மெட்ராஸில ஒரு மனுசி எடுத்தவ. தாய் ஆபீஸில வேலையாம். நல்ல மரியாதையாக் கதைச்சவ, ஆனா டென்மார்க்கெண்டு பொய் சொன்னவ."

"அது உன்ர மருமகளடா" என்றேன்.

அவன் சிரித்தான். அவளிடம் கொடுக்கச் சொன்னான். அவள் சீரியல் தமிழிலேயே, வெட்கப்படாமல், "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை பிள்ளை. வரிசை நீளம்."

போனை என்னிடம் தந்துவிட்டு அவள் தகப்பனிடம் போனாள். சாப்பாட்டுக்கு ஏன் வரிசையில் நிற்கவேண்டும் என்று டேனிஷில் கேட்டாள். அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் இருத்தி, முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார்.