வேண்டுதல் ஓட்டம்

மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும், காலில் செருப்பு கூடாது, அவசரம் கூடாது. திருவண்ணாமலையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். முதல் இரண்டையும் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். மூன்றாவது என் கால்களுக்கு ஒத்துவரவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போய் ஓடியே வந்து பழகியவள் நான். மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயத்தில் கல்லூரியில் இருந்தேன். மூவாயிரம் மீட்டரில் என்னைத் தாண்டிப் போனவர்கள் கம்மி. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதைச் சொல்லி நான் பெருமைப்பட்டுக்கொள்வது?

கல்யாணத்தோடு ஓட்டம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தாலி கட்டிய பெண் காலையில் தெருவில் ஓடினால், வீட்டில் யாருக்கோ உயிர் போகிறது என்றுதான் நாலு பேர் வெளியே வந்து பார்ப்பார்கள். கணவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார். அத்தை என்று கூப்பிடுவேன். வாய் ஜாஸ்தி, மனசில் ஒன்றும் இருக்காது என்பார்களே, அந்த ரகம் என்று நினைத்திருந்தேன். மனசிலும் நிறைய இருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டு வருடமாகியும் வயிறு திறக்கவில்லை. அத்தை ஒரு நாள் தானே முடிவு செய்தார்.

"தினம் விடிகாலையில எழுந்து மலையைச் சுத்திட்டு வா. குழந்தை நிக்கிற வரைக்கும் நீ சுத்துவேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

வேண்டுதல் அவருடையது, கால் என்னுடையது. பதினாலு கிலோமீட்டரையும் நடந்து சுற்றினால் சமையலும் ஆகாது, ஆபீஸ் பஸ்ஸும் கிடைக்காது. முதல் வாரம் நடந்து பார்த்தேன். இரண்டாவது வாரம், அடி அண்ணாமலை தாண்டி ஆளரவம் இல்லாத இடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். சமையலுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூறடி போவதற்குள் அந்தப் பொய் போன இடம் தெரியவில்லை. மூச்சு சீராக வந்து போனது, உள்ளங்காலில் தார்ரோடு குளிர்ந்து கிடந்தது, வலது தோளுக்குப் பக்கத்தில் மலை கூடவே வந்தது. கல்யாணம் ஆன பிறகு நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்தது அந்தக் காலையில்தான். இதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

கொஞ்ச நாளில் மொத்தச் சுற்றையும் ஓடினேன். பாதையோர லிங்கக் கோயில்களை அடையாளமாக வைத்து, எமலிங்கம் வரை மெதுவாக, வாயு லிங்கத்திலிருந்து வேகமாக என்று நானே ஒரு பயிற்சி வகுத்துக்கொண்டேன். கோச்சும் கிடையாது, கைக்கடிகாரமும் கிடையாது. ஊர் சும்மா இருக்குமா? தினமும் நடக்கிற பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "நிறைமாச கர்ப்பிணி மாதிரி அடிமேல அடி வச்சு நடக்கணும்மா. இப்படி ஓடக் கூடாது" என்றார். அது காலங்காலமாகச் சொல்வதுதான், என்னைக் குத்துவதற்காக அவர் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. அன்றைக்கு மிச்ச தூரத்தை அழுதுகொண்டே ஓடினேன்.

எதிர்வீட்டு அம்மாள் அத்தையிடம் நேராகவே கேட்டுவிட்டார். "இன்னாங்க, உங்க மருமக புடவையைத் தூக்கிச் செருகிகினு ஓடறாளாமே?"

அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

"ஒருத்தன் உருண்டு வர்றான், ஒருத்தி பால்குடம் எடுக்கறா. இவ ஓடறா. அவங்கவங்க வேண்டுதல் அவங்கவங்களுக்கு" என்றார் அத்தை. எதிர்வீடு அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

அப்படித்தான் என் ஓட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு முடிவு இருந்தது, அது எனக்கு முதல் நாளே தெரியும். குழந்தை வந்தால் ஓட்டம் போகும். மாதத்தில் அந்த மூன்று நாள் மலை சுற்றப் போகக் கூடாது. நான் போகாமல் வீட்டில் இருந்தால், இந்த மாதமும் இல்லை என்று வீட்டுக்கும் தெருவுக்கும் தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார். கணவர் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பிவிடுவார். எனக்கும் துக்கம்தான். தெருவில் போகிற குழந்தையைப் பார்த்தால் மார்பு வலிக்கும். ஆனால் அந்தத் துக்கத்துக்கு அடியில், நாலாம் நாள் ஓடலாம் என்று ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

அந்த வருடம் அரசு ஊழியர்களுக்கு மாவட்ட அளவில் ஓட்டப் போட்டி வைத்தார்கள். வேங்கிக்காலில் தொடங்கி ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும். பெயர் கொடுத்தேன். சுடிதார் போட்டுக்கொண்டேன், கேன்வாஸ் ஷூ கடன் வாங்கினேன். ஷூ என் காலுக்குப் பழக்கமில்லை. பாதி வழியில் குதிகால் உரிந்துவிட, இரண்டையும் கழற்றிச் சாலையோரம் வீசிவிட்டு வெறுங்காலில் ஓடினேன். அதற்குப் பிறகு எனக்கு முன்னால் யாரும் இல்லை. பரிசு ஓர் எவர்சில்வர் குடம். அத்தை அதை வாங்கிக் குங்குமம் வைத்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது சாமி கொடுத்த நல்ல சகுனம்.

அடுத்து சென்னையில் மாநிலப் போட்டி என்றார்கள். நான் இன்னும் ஜாஸ்தி ஓடினேன். விடுமுறை நாளில் இரண்டு சுற்று. அத்தையும் சகுனம் பார்த்துவிட்டாரே, விரதத்தைக் கூட்டினார். திங்கட்கிழமை விரதம், சஷ்டி, பிரதோஷம், பௌர்ணமி. வாரத்தில் பாதி நாள் ஒருவேளைச் சோறு. வெறும் வயிற்றில் ஓடுவது லேசாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போனதைக் கண்ணாடி காட்டியது. நல்ல ஓட்டக்காரி உடம்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று நாள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

எனக்கு முன்னால் அத்தைதான் கணக்கு வைத்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கீழ்பென்னாத்தூருக்கு ஆள் போனது, அம்மா மாங்காயும் புளிச்சோறுமாக வந்து இறங்கினார். ஓட்டம் அன்றே நின்றது. சென்னைப் போட்டி வேறு யார் யாரோ ஓடி முடிந்தது. நான் அதற்காக வருத்தப்படவில்லை. நிஜமாகவே வருத்தப்படவில்லை. சந்தோஷம் மட்டுமே இருந்த நாட்கள் அவை, அடியில் இன்னொன்று இல்லாமல்.

லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, கணவரை வெளியே உட்காரச் சொன்னார். என்ன சாப்பிடுகிறேன், என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"குழந்தை இல்லைம்மா. நீ சாப்பிடறது உன் ஓட்டத்துக்கே பத்தல. அதான் உடம்பு தீட்டையே நிறுத்திடுச்சு. அப்புறம் எப்படிக் குழந்தை நிக்கும்? ஓடறதை நிறுத்து. விரதத்தையும் நிறுத்து. வயிறு நிறைய சாப்பிடு."

குழந்தைக்காகச் சுற்றிய சுற்றுதான் குழந்தையை நிற்கவிடவில்லை. படியிறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கணவர் பயந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னேன். அத்தை நம்பவில்லை. "சாமியைச் சுத்தினா புள்ளை நிக்காதுன்னு சொல்ற டாக்டர் எந்த ஊரு?" என்று கத்தினார். வேண்டிக்கொண்டதைப் பாதியில் விட்டால் இருக்கிறதும் போகும், நாளைக்கே கிளம்பு என்றார். ஓடாதே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பயந்து ஓடியவளை ஓடு ஓடு என்று விரட்டினார். நான் பாயைவிட்டு எழவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது.

மூன்றாம் நாள் விடிகாலையில் கண் விழித்தால், அத்தை தலை முழுகி, விபூதி பூசிக்கொண்டு வாசலில் நின்றார். முழங்கால் வீங்கிய பெண்மணி, காய்கறிக் கடைக்குப் போய்வந்தாலே உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொள்வார்.

"டாக்டர் சொன்னதையும் கேப்போம், சாமிக்குச் சொன்னதையும் செய்வோம். நீ சாப்பிட்டுட்டுப் படு. நான் சுத்திட்டு வர்றேன்" என்றார்.

"வேணாங்க அத்தை, உங்களால முடியாது."

"முடியுதா இல்லையான்னு அவரு பாத்துக்குவாரு."

தினமும் போனார். வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவார். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து ரத்தம் வரும். நான் வெந்நீர் வைத்துத் துடைத்துவிடுவேன். அவர் நடக்கிற நேரத்தில் நான் முட்டையும் பாலும் வேர்க்கடலையுமாகத் தின்றுகொண்டிருப்பேன். விடிகாலையில் படுத்துக்கொண்டே கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டுவேன், ஓட வேண்டும் போல இருக்கும். எனக்காக ஒருத்தி ரத்தம் கசிய நடக்கிறாள், எனக்கு ஓட்டத்தின் மேல் ஆசை வருகிறது. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

சில மாதங்களில் தீட்டு திரும்பி வந்தது. உடம்பு சரியாகிவிட்டது என்றார் டாக்டர். அதன் பிறகு மாதம் தவறாமல் வந்தது. அதுதான் பிரச்சினையே. கணவரையும் பரிசோதித்தார்கள், அவரிடமும் குறை ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் நன்றாக இருந்தோம், குழந்தை மட்டும் வரவில்லை. ஓடியதால் போனதா, ஓடாவிட்டாலும் வந்திருக்காதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏதாவது ஒன்றை வைத்து அழுது முடித்திருப்பேன்.

ஒரு மழைக்காலக் காலையில் சுற்றுப்பாதையில் வழுக்கி விழுந்து அத்தைக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு பேருமா சுத்தியும் இவருக்குக் கண்ணு தெரியலையே" என்று மலையைத்தான் திட்டினார். படுக்கையிலேயே சில வருடம் இருந்து போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த பிறகு நான் மறுபடி ஓட ஆரம்பித்தேன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். புது நூற்றாண்டு பிறந்துவிட்டது, பாதையில் விளக்கு வந்துவிட்டது, சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார்கள் என்று ஷூ போட்டு நடப்பவர்களும் வந்துவிட்டார்கள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. காக்க வேண்டிய வயிறு இருந்தால்தானே தடுப்பார்கள்? நாற்பதைத் தாண்டிய பிறகு, அந்த வயதுப் பெண்களுக்கென்று வைத்த ஒரு போட்டியில்கூட ஓடினேன். இரண்டே பேர், நான் இரண்டாவது வந்தேன்.

அப்படி ஓடிய ஒரு விடிகாலையில், அடி அண்ணாமலைக்கு முன்னால் ஓர் இளம்பெண் எனக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தாள். வெறுங்கால், தூக்கிச் செருகிய புடவை, மஞ்சள் மங்காத தாலிக்கயிறு. நான் பக்கத்தில் போனதும் ஓடிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, முன்னெல்லாம் புள்ளைக்காக ஓடினது நீங்கதானே? எங்க அத்தை உங்களைப் பாத்திருக்காங்களாம். அவங்கதான் என்னையும் ஓடச் சொன்னாங்க."

"சாப்பிடறியா?" என்று கேட்டேன்.

"ஒருவேளைதான் அக்கா, விரதம். உங்களுக்கு எத்தினி பசங்க?"

அத்தை எங்கே என்று கேட்டேன், கையை நீட்டிக் காட்டினாள். கொஞ்ச தூரத்தில் டீக்கடை பெஞ்சில் அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். நேராக அவரிடம் போய் நின்றேன்.

"எனக்குப் புள்ளையே இல்லைங்க. பட்டினி கெடந்து ஓடி ஓடித்தான் எனக்கு நிக்காம போச்சு. இவளை ஓட விடாதீங்க, வீட்ல வச்சு சோறு போடுங்க" என்றேன். ஓடித்தான் போச்சு என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் அப்படிச் சொன்னால்தான் கேட்பார் என்று தோன்றியது.

கேட்டார். எழுந்து மருமகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எனக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று தடவை துப்பினார். "இவளாட்டம் ஆவறதுக்கா உன்னை ஓட உட்டேன்? வா வீட்டுக்கு. இனிமே நீ ஓடவே வேணாம்" என்றார். துப்பியது எனக்கு வலித்தது. ஆனாலும் டாக்டர் சொல்லியும் என் வீட்டில் உடனே எடுபடாததை, பிள்ளை இல்லாதவள் என்ற பெயரை வைத்து இங்கே சாதித்துவிட்டேன் என்று ஓர் ஆறுதல் இருந்தது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பயமோ நன்றியோ இருக்கும் என்று நினைத்தேன். கண் நிறையத் தண்ணீர், அதற்குள் அவ்வளவு கோபம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னோடு பேசிய தூரம் முழுக்க அவளுக்கு மூச்சு வாங்கவேயில்லை. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, தோளைத் தளர்த்தி ஓடி வந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் ஓடியவர்களுக்குத்தான் அது வரும், வேண்டுதலுக்கு ஓடுகிறவர்களுக்கு வராது.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாமியார் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பாதையில் அவளை நான் பார்க்கவே இல்லை.