கைராசிக்காரரும் திறக்காத பானட்டும்

காலையில் அவர் சட்டையின் மேல் பொத்தானோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மனைவியின் பக்கம் திரும்பி நிற்கிறார். அவள் ஐந்து பொத்தானையும் போட்டுவிடுகிறாள். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது இருவருக்கும் இடையே உள்ள ஏற்பாடு. பிறகு இருவருமாகச் சேர்ந்து மெக்கானிக் கடையின் ஷட்டரைத் தூக்குகிறார்கள். அதோடு அவர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார்.

தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காரின் எஞ்சின் மூடியான பானட்டைத் திறக்கிற கேபிள் அறுந்துவிட்டால் பெரிய ஒர்க்‌ஷாப்காரர்களே கையைப் பிசைவார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிடி தொளதொளவென்று கையோடு வந்துவிடும். பானட் இம்மியும் அசையாது. புதுக் கேபிள் போட வேண்டுமானால் முதலில் பானட் திறந்தாக வேண்டும். மற்றவர்கள் முன்பக்கத்து கிரில்லை உடைப்பார்கள். இவர் அதன் இடுக்கில் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நடுவிரல் நுனியால் பூட்டின் நாக்கைத் தேடிப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளுவார். 'டக்' என்று திறந்துகொள்ளும். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. "கண்ணு ஏமாத்தும்பா, என் விரல் ஏமாத்தாது" என்று பீற்றிக்கொள்வார். பீற்றிக்கொண்டால் என்ன, செய்து காட்டிய மனிதர்தானே.

இப்போது அந்த விரல்களுக்கு எதுவும் தெரிவதில்லை. சர்க்கரை வியாதி முதலில் பாதங்களை மரத்துப்போக வைத்தது. அதைச் செருப்புக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு விரல் நுனிகளுக்கு வந்தது. "செத்த நரம்பு திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்திக்குங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இவர் காப்பாற்ற நினைத்தது பெயரை. "விரல் செத்த மெக்கானிக்னு தெரிஞ்சா எவன்டி வண்டியக் கொண்டாந்து விடுவான்? மறுநாளே கடைய மூடிட்டு மோட்டுவளையப் பாத்துட்டு உக்காரணும்" என்றார் மனைவியிடம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்தத் தொழிலுக்குப் போவார்?

ஆகவே மூன்று மாதமாக அவள் 'டார்ச் பிடிக்க' வருகிறாள். வெளியே அப்படித்தான் பேச்சு. உண்மையில் இடுக்கில் நுழைவது அவளுடைய கை. அவர் பக்கத்தில் குந்தி, முதுகால் மறைத்துக்கொண்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம்... ஆங், அதுக்குக் கீழ" என்று முணுமுணுப்பார். யாராவது கிட்டே வந்தால், "வெளிச்சத்த ஆட்டாமப் பிடின்னு எத்தன தடவ சொல்றது!" என்று அதட்டுவார். "வேலையும் நானே செய்யணும், திட்டும் நானே வாங்கணும். நல்ல உத்தியோகம்தான்" என்பாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவருக்குத்தான் சிரிப்பு வராது.

செவ்வாய்க்கிழமை ஒரு டாக்சி வந்தது. "அண்ணே, பிடி கையோட வந்துருச்சு. நாலு கடை ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் உங்க பேரத்தான் சொன்னாங்க" என்றார் டாக்சிக்காரர். வந்தவர் போன் பேசிக்கொண்டு தெருமுனைவரை நடந்து திரும்புவதற்குள் பானட் திறந்திருந்தது. மனைவி முழங்கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அடேங்கப்பா, கைன்னா இது கை!" என்று டாக்சிக்காரர் வியந்தார். கைராசிக்காரர் தரையைப் பார்த்தார்.

கம்பெனி கேபிள் வர பத்து நாள் ஆகும். கடையில் இருந்தது வெளி மார்க்கெட் சாமான், எல்லா வண்டிக்கும் பொதுவாகச் செய்தது. பிடியில் மாட்டுகிற முனையில் சின்ன உலோகக் குண்டு இருக்கும். மறுமுனை வெறும் கம்பி. அதை வண்டிக்குத் தக்கபடி வெட்டி, பூட்டில் வைத்து, விறைப்பாக இழுத்துப் பிடித்துத் திருகாணியால் இறுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் கம்பி இழை இழையாகப் பிரிந்து ஊசிபோல் நிற்கும்.

"நான் பிடிக்கட்டுமாங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"நீ டார்ச்சப் பிடி."

"பட்டப்பகல்ல எதுக்குண்ணே டார்ச்சு? அக்கா சித்த உக்காரட்டும்" என்று டாக்சிக்காரர் சிரித்தார். அதற்குமேல் அவள் அங்கே நிற்க வழியில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

கண்ணுக்குத் தெரிகிற வேலைதானே, செய்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இடது கையால் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திருகாணியிலேயே வைத்துத் திருப்புளியால் முடுக்கினார். டாக்சிக்காரர் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு முதலாளியின் கஞ்சத்தனத்தைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் சட்டென்று கையை நீட்டிக் காட்டினார்.

"அண்ணே... கை! கம்பி உள்ள போயிருக்கு!"

ஓர் இழை ஆட்காட்டி விரலின் நுனியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. பூட்டின்மேல் ரத்தம் சொட்டிக் குளம் கட்டியிருந்தது. அவர் இன்னமும் இழுத்துக்கொண்டுதான் இருந்தார். வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். ஸ்டூலிலிருந்து மனைவி பதறி எழுந்தாள். டாக்சிக்காரரோ விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வலியே தெரியாத அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைராசிக்காரர் திருப்புளியைக் கீழே போட்டார். மணிக்கட்டை மறு கையால் இறுகப் பற்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, "ஆ... அம்மா!" என்று கத்தினார்.